மீன் குஞ்சுத் தீவனம்: மதுரைப் பக்கத்துக் குட்டைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேலூர்ப் பக்கம் ஒருபோக நிலத்தில் பத்து பத்து சென்டில் இரண்டு நாற்றங்கால் குட்டை வைத்திருக்கிறேன். ஆடி, ஆவணியில் கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று கெண்டை வகைகளின் நுண்குஞ்சு வாங்கி விடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக் கண்மாய்கள் பெருகும்போது அவற்றை விரலளவுக் குஞ்சாகக் கொடுப்பேன். குஞ்சு வாங்க வருகிறவர்கள் கரையில் உட்கார்ந்து கேட்பதெல்லாம் பெரும்பாலும் தீவனத்தைப் பற்றித்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். முட்டை பொரிந்து மூன்று நாள் ஆன, 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளமுள்ளது நுண்குஞ்சு. இரண்டு மூன்று வாரத்தில் 25 முதல் 30 மில்லிமீட்டர் வந்துவிட்டால் இளங்குஞ்சு. அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் வளர்ந்து 80 முதல் 100 மில்லிமீட்டர் ஆனது விரலளவுக் குஞ்சு. இந்த மூன்று பருவத்துக்கும் தீவனம் ஒன்றில்லை.

தீவனப் பையில் ‘புரதம் 32 சதவீதம்’ என்று போட்டிருக்கிறது. குஞ்சுக்கு இது போதுமா?

இளங்குஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு, விரலளவை நோக்கிப் போகும் குஞ்சுக்குச் சரி. கெண்டை இளங்குஞ்சுக்கு 35 முதல் 40 சதவீதம் புரதம் வேண்டும். விரலளவுக்கு 30 முதல் 35. பெரிய குட்டையில் வளர்ப்பு மீனுக்கு 25 முதல் 28 இருந்தால் போதும். குஞ்சு சில வாரத்திலேயே பல மடங்கு எடை போடுகிறது. அந்த எடையெல்லாம் சதை, சதை என்றால் புரதம், அதனால்தான் சின்னதுக்கு அதிகம்.

ஆனால் பையில் அச்சடித்திருக்கும் அந்த எண் கச்சாப் புரதம். தீவனத்தில் இருக்கும் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிச் சொல்கிற கணக்கு அது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. நல்ல மீன்தூளிலிருந்தும் வரலாம், இறகு, தோல் கழிவிலிருந்தும் வரலாம், யூரியா கலப்படத்திலிருந்தும் வரலாம். எண் ஒன்றுதான், குஞ்சு வளர்கிற வேகம் ஒன்றாக இருக்காது.

நான் குஞ்சு வளர்த்துக் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான்: எத்தனை சதவீதம் என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். அந்தப் புரதம் குஞ்சின் வாய்க்குள் நுழையுமா, குடலில் செரிக்குமா, கெடாமல் இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இதற்குத்தான் வந்து நிற்கும்.

வளர்ந்த மீனுக்குப் போடும் தீவனத்தையே நுணுக்கிப் போட்டால் ஆகாதா?

ஆகாது. ஒன்று, அதில் புரதம் போதாது. இரண்டு, மிக்ஸியில் அரைத்தாலும் குருணையும் மாவும் கலந்து வரும். குருணை குஞ்சின் வாயில் நுழையாமல் அடியில் போய்ப் படியும், மாவு தண்ணீரில் கரைந்துவிடும். அரைத்ததை மெல்லிய வேட்டித் துணியிலோ நைலான் சல்லடையிலோ சலித்துத்தான் போட வேண்டும். நுண்குஞ்சுக்கு மைதா போல இருக்க வேண்டும். இளங்குஞ்சு ஆனதும் ரவை அளவுக்கு வரலாம். அரை மில்லிமீட்டர் குருணை, ஒரு மில்லிமீட்டர் குருணை என்று கடையில் தனித்தனியாகவே கிடைக்கிறது. வாய் அகலத்தில் பாதிக்கு மேல் பெரிய குருணையைக் குஞ்சு கவ்வும், துப்பும், மறுபடி கவ்வும், கடைசியில் விட்டுவிடும். கரையோரம் உட்கார்ந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்.

குட்டையில் விட்ட முதல் வாரம் நுண்குஞ்சு என்ன தின்னும்?

நாம் போடுவதை அவ்வளவாகத் தின்னாது என்பதுதான் உண்மை. முதல் சில நாள் அதன் சாப்பாடு தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்தான். வளர்ந்த பிறகு கட்லா மேல்தண்ணீரிலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் மேயும். ஆனால் நுண்குஞ்சாக இருக்கும்போது மூன்றுமே விலங்கு நுண்ணுயிர்களைத்தான் தேடும். முதலில் ரோட்டிஃபர், கொஞ்சம் வாய் பெரிதானதும் மொய்னா, டாஃப்னியா போன்ற தண்ணீர்ப் பூச்சிகள்.

இவை ஏன் இவ்வளவு நல்ல தீவனம்? உலர் எடையில் பாதிக்கு மேல் புரதம். உயிரோடு நகர்வதால் குஞ்சின் கண்ணில் படும். இன்னொன்று இருக்கிறது. கெண்டைக்கு இரைப்பை என்று ஒன்று கிடையாது, வாயிலிருந்து நேராகக் குடல். அந்தக் குடலும் முதல் வாரத்தில் சின்ன நூல் போலத்தான். செரிமான நொதிகள் அதில் இன்னும் சரியாகச் சுரக்காது. தண்ணீர்ப் பூச்சி தன் உடம்பில் இருக்கும் நொதியோடு உள்ளே போவதால் அதைச் செரிப்பது சுலபம். உலர்ந்த புண்ணாக்குத் தூளுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே நாற்றங்கால் குட்டைக்குத் தீவனச் செலவு குஞ்சு வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் சொல்லும் அளவு: ஹெக்டேருக்கு 750 கிலோ கடலைப் புண்ணாக்கு, 200 கிலோ சாணம், 50 கிலோ சூப்பர் பாஸ்பேட். பத்து சென்டுக்கு இதைச் சுருக்கினால் 30 கிலோ புண்ணாக்கு, 8 கிலோ சாணம், 2 கிலோ சூப்பர். இதில் பாதியை இரண்டு நாள் தொட்டியில் ஊறப்போட்டுக் கூழாகக் கரைத்து, குஞ்சு விடுவதற்கு இரண்டு மூன்று நாளுக்கு முன்னால் குட்டை முழுக்கத் தெளிக்க வேண்டும். மீதியை அப்புறம் இரண்டு மூன்று தவணையாக, தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் கொடுக்கலாம்.

நுண்ணுயிர் பிடித்துவிட்டதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. காலையில் ஒரு கண்ணாடி டம்ளரில் குட்டைத் தண்ணீரை மொண்டு வெயிலுக்கு எதிராகப் பிடியுங்கள். முதலில் வெறும் தூசி போலத் தெரியும். அரை நிமிடம் அசையாமல் பாருங்கள். சில தூசிகள் மெல்ல நகரும். சில புள்ளிகள் தத்தித் தத்திக் குதிக்கும், ஒவ்வொரு குதிப்புக்கும் நடுவில் ஒரு கணம் கீழே இறங்கும். அந்தத் தத்தல்தான் மொய்னா. டம்ளரில் அது நிறைய இருந்தால் குஞ்சு கொண்டுவர ஆள் அனுப்பலாம். தண்ணீர் பச்சைப் பசேலென்று இருந்து ஒன்றும் குதிக்காவிட்டால் அது வெறும் பாசி, இரண்டு நாள் பொறுங்கள்.

எரு போட்டால் முதுகு கீழாக நீந்துகிற பூச்சியும் சேர்ந்தே வரும். அது நுண்குஞ்சைப் பிடித்து உறிஞ்சிவிடும். குஞ்சு விடுவதற்கு முந்தின நாள் காற்றில்லாத நேரத்தில் முக்கால் கிலோ சலவை சோப்பையும் இரண்டேகால் கிலோ மலிவான தாவர எண்ணெயையும் கரைத்துப் பத்து சென்ட் குட்டையின் மேல் படலமாகப் பரப்பினால், மேலே வந்து மூச்சு வாங்கும் பூச்சிகள் செத்துவிடும்.

அப்படியானால் நுண்குஞ்சுக்குக் கைத்தீவனம் எவ்வளவு?

கடலைப் புண்ணாக்குத் தூளும் தவிடும் சம எடை. ஒரு லட்சம் நுண்குஞ்சுக்கு முதல் ஐந்து நாள் தினம் 600 கிராம், ஆறாம் நாளிலிருந்து தினம் 1.2 கிலோ. காலை பாதி, மாலை பாதி. பத்து சென்டில் ஒரு லட்சத்துக்கு மேல் நான் விடுவதில்லை. இதைவிட அதிகம் விடலாம் என்று சொல்வார்கள், மண்குட்டையில் ஏற்றிக்கொள்ள இடமும் இருக்கிறது. ஆனால் கூட்டம் கூடக்கூட முதலில் தீர்ந்துபோவது அந்தத் தண்ணீர்ப் பூச்சிதான். அது தீர்ந்தபின் எவ்வளவு புண்ணாக்குப் போட்டாலும் பழைய வளர்த்தி திரும்புவதில்லை.

காலம் காலமாகப் புண்ணாக்கும் தவிடும் போட்டுத்தானே வளர்த்தோம்? அது போதாதா?

வளர்த்தோம், சரிதான். நுண்ணுயிர் நிறைந்த குட்டையில், குறைந்த குஞ்சு விட்டால் இன்றும் போதும். நெருக்கமாக விட்டு இரண்டு மாதத்தில் விரலளவு எடுக்க நினைத்தால் போதாது.

கணக்கைப் பாருங்கள். கடலைப் புண்ணாக்கில் ஏறக்குறைய 42 சதவீதம் புரதம், தவிட்டில் 12. சரிக்குச் சரி கலந்தால் 27 சதவீதம்தான் வரும். 30 வேண்டுமென்றால் மூன்று பங்கு புண்ணாக்கு, இரண்டு பங்கு தவிடு. 35-க்கு மேல் போக வேண்டுமென்றால் இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு கட்டாது, நான்கில் மூன்று பங்குக்கு மேல் புண்ணாக்காகிவிடும்.

அதோடு, புரதம் என்பது ஒரே சரக்கு இல்லை. பத்து அமினோ அமிலங்களை மீன் தன் உடம்பில் உண்டாக்கிக்கொள்ள முடியாது, தீவனத்தில்தான் வர வேண்டும். அதில் எது குறைகிறதோ அந்த அளவோடு வளர்ச்சி நின்றுவிடும். மீதி அமினோ அமிலங்களை மீன் எரித்து அம்மோனியாவாகத் தண்ணீரில் விட்டுவிடும். காசு கொடுத்து வாங்கிய புரதம் தண்ணீரைக் கெடுக்கப் போகிறது. அந்தப் பத்தில் லைசின், மெத்தியோனின் என்ற இரண்டும் கடலைப் புண்ணாக்கில் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் நிறைய, லைசின் குறைவு. சோயாவில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. நம் பாட்டிமார் இட்லிக்கு அரிசியையும் உளுந்தையும் சேர்த்தது போலத்தான் இதுவும். ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்புகிறது.

இளங்குஞ்சுக்கு நான் கலப்பது பத்து கிலோவுக்கு இப்படி: கடலைப் புண்ணாக்கு 3.5 கிலோ, சோயாப் புண்ணாக்கு 2 கிலோ, மீன்தூள் 1.5 கிலோ, தவிடு 2.7 கிலோ, எண்ணெய் 200 கிராம், தாது உப்பும் வைட்டமினும் கலந்த தூள் 100 கிராம். மீன்தூளில் 55, சோயாவில் 45 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 35 சதவீதம் வருகிறது. எள்ளுப் புண்ணாக்கு நல்லதாகக் கிடைத்தால் கடலையில் ஒரு கிலோவைக் குறைத்து அதைச் சேர்ப்பேன்.

சோயா மட்டும் எச்சரிக்கை. பச்சை சோயாவை அரைத்துப் போடக்கூடாது. புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் நொதியைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது, சூடுபட்டால்தான் போகும். எண்ணெய் எடுத்து வறுபட்டு வரும் சோயாப் புண்ணாக்கே வாங்குங்கள்.

எந்தப் புண்ணாக்கு விலை மலிவோ அதைப் போடலாமா?

கூடாது. இலுப்பைப் புண்ணாக்கு மீனுக்கு விஷம். அதிலிருக்கும் சப்போனின் செவுளைத் தாக்கிக் கொன்றுவிடும். அதனாலேயே குஞ்சு விடும் முன்னால் குட்டையில் கிடக்கும் விரால், கெளுத்தியை ஒழிக்க அதைப் பயன்படுத்துகிறோம். பத்து சென்டில் ஒரு மீட்டர் தண்ணீருக்கு நூறு கிலோ. போட்ட பிறகு மூன்று வாரம் குஞ்சு விடக்கூடாது. பிறகு அதுவே எருவாகிவிடும். வேம்பு, ஆமணக்குப் புண்ணாக்கு வேண்டவே வேண்டாம். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் காசிபால் என்ற நச்சு உண்டு, மாடு தாங்கும், குஞ்சு தாங்காது.

மீன்தூள் விலை தாங்கவில்லை. கருவாட்டை இடித்துப் போடலாமா?

உப்புப் போடாமல் வெயிலில் காயவைத்த சில்லறை மீன் என்றால் தாராளமாக. மண்டபம், தூத்துக்குடிப் பக்கமிருந்து கோழித் தீவனத்துக்கென்று வருகிறது. உப்புக் கருவாடு வேண்டாம்.

வாங்கும் முன் ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டுப் பாருங்கள். அடியில் மணல் தனியாகப் படியும். விரல் பருமனுக்கு மணல் நின்றால் கடற்கரை மணலுக்குக் காசு கொடுக்கிறீர்கள். மோந்தும் பாருங்கள். கருவாட்டு வாசனை இருக்க வேண்டும். மூக்கைக் குத்தும் அம்மோனியா நெடி இருந்தால் கெட்டுப்போனது, அல்லது யூரியா கலந்தது.

மீன்தூளே இல்லாமல் கெண்டைக் குஞ்சை வளர்க்க முடியுமா என்றால், முடியும், வளர்ச்சி மெதுவாக இருக்கும். முதல் மாதம் மட்டுமாவது கொஞ்சம் சேர்த்துவிட்டுப் பிறகு குறைத்துக்கொள்வது நல்ல வழி. கஞ்சத்தனம் செய்வதாக இருந்தால் கடைசி மாதத்தில் செய்யுங்கள், முதல் மாதத்தில் வேண்டாம்.

புண்ணாக்கில் லேசாகப் பூஞ்சை இருக்கிறது. காயவைத்துப் போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் நான் நீளமாகப் பதில் சொல்வேன், ஏனென்றால் பட்டிருக்கிறேன்.

ஒரு ஐப்பசியில் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கடையில் கடலைப் புண்ணாக்கு மூட்டையாக வாங்கினேன். மேலே பார்த்தால் நன்றாகவே இருந்தது. மில்லில் கொடுத்து அரைத்துவிட்டதால் உள்ளே என்ன என்று பார்க்கவும் இல்லை. குஞ்சு கூட்டமாகச் சாகவில்லை. செத்திருந்தால் அன்றைக்கே விழித்திருப்பேன். தினமும் காலையில் நாலைந்து மட்டும் மிதக்கும். மீதி உயிரோடு இருக்கும், ஆனால் தலை பெரிதும் உடம்பு ஒட்டியுமாக. செவுளைத் தூக்கிப் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறிக் கிடந்தது. தண்ணீரை மாற்றினேன், சுண்ணாம்பு போட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் அரைக்காமல் மிச்சமிருந்த ஒரு கட்டியை உடைத்தபோது, உள்ளே மஞ்சளும் பச்சையுமாக மாவு போலப் பூத்திருந்தது. பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் நுழைந்தால் வருமே, அந்த வாடை. மீதியைத் தென்னைக்குக் குழியில் புதைத்தேன். தீவனம் மாற்றிய பிறகு சாவு நின்றது. ஆனால் அந்த ஈட்டுக் குஞ்சு கடைசிவரை விரலளவுக்கு வரவே இல்லை.

அந்தப் பச்சைப் பூஞ்சை உண்டாக்கும் நச்சுதான் அஃப்ளடாக்சின். 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் சுமார் ஒரு லட்சம் செத்து விழுந்தபோது, காரணம் தேடிப் போனவர்கள் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனை வளர்க்கும் பண்ணைகளில் வானவில் ட்ரவுட் மீன்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஈரல் புற்றுநோய் வந்தது. அங்கே தீவனத்தில் சேர்த்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் இதே நச்சு. மீன்களிலேயே இதற்கு மிகவும் பலவீனமானது வானவில் ட்ரவுட்தான். கெண்டை அதைவிடத் தாங்கும். தாங்கும் என்றால் உடனே சாகாது என்று மட்டும் பொருள், ஈரல் கெட்டு வளர்ச்சி நின்றுவிடும்.

வெயிலில் காயவைத்தாலும் வேகவைத்தாலும் பூஞ்சைதான் சாகும், அது உண்டாக்கிவிட்ட நச்சு அப்படியே இருக்கும். எனவே புண்ணாக்கைத் தூளாக வாங்காமல் கட்டியாக வாங்குங்கள். இரண்டு மூன்று கட்டியை நடுவில் உடைத்துப் பாருங்கள். மரப்பலகை மேல் அடுக்குங்கள், சுவரில் சாய்க்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகைக்கு மூன்று வாரத்துக்கு மேல் இருப்பு வேண்டாம்.

செக்குப் புண்ணாக்கு நல்லதா, மில் புண்ணாக்கு நல்லதா?

செக்கில் ஆட்டியதில் எண்ணெய் கூடுதலாக நிற்கும், குஞ்சுக்கு அந்தக் கொழுப்பு நல்லது. ஆனால் அந்த எண்ணெயே சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். ஆட்டிய ஒரு மாதத்துக்குள் தீர்ப்பதாக இருந்தால் செக்கு, வைத்திருந்து போடுவதாக இருந்தால் மில்.

கொழுப்பு அதிகமிருந்தால் சீக்கிரம் எடை ஏறுமா?

கெண்டைக் குஞ்சுக்கு 6 முதல் 8 சதவீதம் கொழுப்பு போதும். எரிபொருளுக்குக் கொழுப்பும் மாவுச்சத்தும் இருந்தால் குஞ்சு புரதத்தை எரிக்காமல் சதைக்கு வைத்துக்கொள்ளும், அதுதான் கொழுப்பால் வரும் லாபம். அளவு மீறினால் வயிற்றுக்குள் கொழுப்பாகப் படியும். எடை ஏறியது போலத் தெரியும், கண்மாயில் விட்டால் தாங்காது. எண்ணெய் சேர்ப்பதாக இருந்தால் பாதி நல்லெண்ணெய் அல்லது கடலெண்ணெய், பாதி மீன் எண்ணெய் என்று சேர்க்கலாம். பொரித்து மிச்சமான எண்ணெய் வேண்டாம்.

சில குஞ்சுகளுக்கு முதுகு வளைந்திருக்கிறது. பரம்பரையா, தீவனமா?

ஒன்றிரண்டு என்றால் எதுவாகவும் இருக்கலாம். கூட்டத்தில் நிறைய இருந்தால் முதலில் வைட்டமின் சி-யைச் சந்தேகப்படுங்கள். எலும்பைப் பிணைக்கும் கொலாஜன் உண்டாக அது வேண்டும். இல்லாவிட்டால் முதுகெலும்பு பக்கவாட்டிலோ மேலாகவோ வளையும், செவுள் மூடி குட்டையாகிவிடும். சாதாரண வைட்டமின் சி சூட்டிலும் ஈரத்திலும் காற்றிலும் சீக்கிரம் அழியும். நம் சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் மூன்று மாதம் கிடந்த தீவனத்தில் அது மிச்சமிருக்குமென்று நினைக்காதீர்கள். பையில் தயாரித்த தேதி பாருங்கள். வாங்கிய பையை வீட்டுக்குள் நிழலில் வையுங்கள்.

பாஸ்பரஸ் குறைந்தாலும் எலும்பு கெடும். கால்சியத்தை மீன் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும், நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் அதற்குப் பஞ்சமில்லை. பாஸ்பரஸ் தீவனத்தில்தான் வர வேண்டும். தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய இருந்தாலும் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது, மீனுக்குக் கிடைக்காது. மீன்தூளில் எலும்பாக இருப்பதைக் கரைக்க இரைப்பையில் அமிலம் வேண்டும், கெண்டைக்கு அதுவும் இல்லை. அதனால் மோனோ கால்சியம் பாஸ்பேட் சேர்ந்த தாதுக் கலவையாகக் கேட்டு வாங்குங்கள்.

தினம் எவ்வளவு, எத்தனை தடவை போட வேண்டும்?

இளங்குஞ்சு ஆனபின் முதல் மாதம் மொத்த உடல் எடையில் 8 முதல் 10 சதவீதம், அடுத்த இரண்டு மாதம் 6 முதல் 8. எடை தெரியாமல் சதவீதம் போட முடியாது. பத்து நாளுக்கு ஒருமுறை வலை போட்டு நூறு குஞ்சைப் பிடித்து, தண்ணீரோடு வாளியை முதலில் எடைபோட்டுக்கொண்டு, குஞ்சை விட்டு மறுபடி எடைபோடுங்கள். நூறு குஞ்சு 200 கிராம் என்றால் ஒன்று 2 கிராம். குட்டையில் பத்தாயிரம் இருந்தால் 20 கிலோ. அதில் 6 சதவீதம் 1.2 கிலோ. அன்றைக்குப் போட வேண்டியது அதுதான்.

இரைப்பை இல்லாத மீன் ஒரே வேளையில் நிறையத் தின்று வைத்துக்கொள்ள முடியாது. ஒரு கிலோவை இரண்டு தடவையாகப் போடுவதைவிட நான்கு தடவையாகப் போட்டால் அதே தீவனத்துக்குக் கூட வளரும். விடியற்காலை வேண்டாம். இரவெல்லாம் பாசியும் மீனும் ஆக்சிஜனை எடுத்திருக்கும், தின்றதைச் செரிக்கவும் ஆக்சிஜன் வேண்டும். எட்டு மணிக்கு மேல் ஆரம்பியுங்கள்.

என்னிடம் ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளம் இருக்கிறது. நான்கு பக்கம் துளை போட்டு நைலான் கயிறு கட்டி, ஒரு கைப்பிடித் தீவனத்தோடு முழங்கால் ஆழத்தில் இறக்கி வைப்பேன். இரண்டு மணி நேரம் கழித்து மெல்லத் தூக்குவேன். தட்டு கழுவியது போல இருந்து, நூல் நூலாகக் குஞ்சின் கழிவு மட்டும் கிடந்தால் நாளைக்குக் கொஞ்சம் கூட்டலாம். குழகுழவென்று மாவு மிச்சமிருந்தால் அடுத்த வேளை நிறுத்தம். வானம் மூடிக்கிடந்தால் பாதிதான். குஞ்சு தண்ணீர் மட்டத்தில் வந்து வாய் பிளந்தால் அன்றைக்குத் தீவனமே இல்லை, மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் விடுங்கள். மிஞ்சிய புரதம் அழுகினால் அம்மோனியா. பாசி மண்டிய குட்டையில் மதியத்துக்கு மேல் தண்ணீரின் காரத்தன்மை (பி.எச்.) ஏறும்போது அதன் நச்சு இன்னும் கூடும்.

அசோலா போட்டால் தீவனச் செலவு மிச்சம் என்கிறார்களே?

அசோலா தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணிச் செடி. புல்கெண்டை விரலளவு ஆன பிறகு அதை நன்றாகத் தின்னும். குஞ்சுக்கு உதவாது. அசோலாவில் 20 முதல் 25 சதவீதம் புரதம் என்பது காய்ந்த எடைக்கு. பச்சையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலாவில் உண்மையில் இருப்பது பதினைந்து இருபது கிராம் புரதம்தான்.

விரால் குஞ்சுக்கும் இதே கலவை ஆகுமா?

ஆகாது. விரால் மாமிசம் தின்னி, 40 சதவீதத்துக்கு மேல் புரதம் வேண்டும், அதிலும் பெரும்பங்கு மீன்தூளாக. தவிடும் புண்ணாக்கும் அதற்கு வெறும் சக்கை. உயிருள்ள தண்ணீர்ப் பூச்சியில் ஆரம்பித்து, அரைத்த மீனைக் கலந்து, மெல்ல மெல்லக் குருணைக்குப் பழக்க வேண்டும். பசித்தால் பெரியது சின்னதைத் தின்றுவிடும். வாரம் ஒருமுறை சல்லடையில் அளவு பிரிக்க ஆள் இருந்தால் மட்டும் இறங்குங்கள். ஜிலேபி மீனுக்கு (திலாப்பியா) கெண்டையைப் போலத்தான், இளங்குஞ்சுக்கு மட்டும் 40 சதவீதம் கொடுத்தால் நல்லது.

கோழிக்கடைக் கழிவைப் போட்டு வளர்க்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை மனதில் வைத்துக் கேட்கிறார்கள். அந்த மீன் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. நான் அதற்கு யோசனை சொல்வதில்லை.

கொடைக்கானல் மலையில் நிலம் இருக்கிறது. ட்ரவுட் வளர்க்கலாமா? அதன் தீவனம் இங்கே கிடைக்குமா?

ட்ரவுட்டுக்குத் தீவனத்துக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். 10 முதல் 18 டிகிரியில், ஆக்சிஜன் நிறைந்து, வருடம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீர் வேண்டும். 25 டிகிரியைத் தாண்டினால் பிழைக்காது. மதுரைத் தரையில் நினைத்துப் பார்க்கவே முடியாது. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-இல் ட்ரவுட் குஞ்சுப் பண்ணை வைத்தார்கள் என்றால் அந்தக் குளிரும் ஓடையும் இருந்ததால்தான்.

தீவனத்தைப் பொறுத்தவரை ட்ரவுட்டும் கெண்டையும் எதிரெதிர். ட்ரவுட்டுக்கு இரைப்பை உண்டு, குடல் குட்டை. மாவுச்சத்தை அதனால் சரியாகப் பயன்படுத்த முடியாது. தவிட்டையோ மரவள்ளி மாவையோ கூட்டினால் ஈரல்தான் வீங்கும். குஞ்சுத் தீவனத்தில் 45 முதல் 50 சதவீதம் புரதமும் 15 முதல் 20 சதவீதம் கொழுப்பும் வேண்டும். அந்தக் கொழுப்பிலும் ஒமேகா-3 என்ற கொழுப்பு அமிலம் வேண்டும், இல்லாவிட்டால் துடுப்பு அரித்து வளர்ச்சி நிற்கும். நம் கெண்டைத் தீவனத்தை அதற்குப் போட்டால் வயிறு நிறையும், உடம்பு வளராது. ட்ரவுட் தீவனத்தைக் கெண்டைக்குப் போட்டால் வளரும், ஆனால் மிச்சப் புரதம் முழுக்க அம்மோனியாவாகிக் குட்டையைக் கெடுக்கும், கட்டுப்படியும் ஆகாது.

ஒரே நாளில் விட்ட குஞ்சு, பாதி பெரிதும் பாதி சிறிதுமாக இருக்கிறது. ஏன்?

பெரும்பாலும் போடும் விதம். ஒரே மூலையில் கொட்டினால் பலமுள்ளது தின்றுவிட்டு நிற்கும், மற்றது காத்திருக்கும். நான்கு கரையிலும் சுற்றி நடந்து தூவுங்கள். நம் குஞ்சுகளுக்குக் காலடிச் சத்தம் பழகிவிடும், நாம் போகும் பக்கமெல்லாம் தண்ணீர் சலசலக்கும். அப்படி ஒரு பக்கம் சலசலப்பு இல்லையென்றால் அங்கே அடியில் அழுகல் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது காரணம் குருணை அளவு. எல்லாம் ஒரே பருமனாக இருந்தால் சின்னதுக்கு எட்டாது. இரண்டு அளவைக் கலந்து போடுங்கள்.

கண்மாயில் விடுவதற்குக் குஞ்சு பிடிக்கப்போகிறோம். அன்று காலையில் தீவனம் போடலாமா?

வேண்டாம். பிடிப்பதற்கு முந்தின நாளே நிறுத்திவிடுங்கள். வயிற்றில் தீவனத்தோடு பையில் அடைத்தால் வழியெல்லாம் கழிவு விட்டு, அம்மோனியாவும் ஆக்சிஜன் குறைவுமாகப் போய்ச் சேருவதற்குள் பாதி வாடிவிடும். முதல் நாள் மாலை வலைத்தொட்டிலில் பிடித்துக் குட்டைத் தண்ணீரிலேயே இரவு வைத்திருங்கள். காலையில் வெயில் ஏறும் முன் ஏற்றுங்கள். கண்மாய்க்குப் போனதும் பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, பிறகு வாயைத் திறந்து கண்மாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேருங்கள். குஞ்சு தானாக நீந்தி வெளியே போகட்டும்.